நிகழ்விடம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
எங்கள் கடைக்குள் மழை வராது,
பஸ் சத்தம்தான் வரும்.
அந்தச் சத்தத்துக்குள் நின்று
நானேதான் விற்றேன் அவருக்கு:
ஒரு ரூபாய் குறைய அறுபத்தையாயிரம்,
பன்னிரண்டு தவணை,
கூடவே காப்பீடு, நாலாயிரத்துச் சொச்சம்.
"விழலாம், உடையலாம், தண்ணி கேறலாம்,
எல்லாத்துக்கும் உண்டு அண்ணே."
தண்ணி என்றபோது
நான் நினைத்தது ஒரு தம்ளர்.

மூன்றாம் மாதம் திரும்பி வந்தார்
கிளீட்டஸ், வள்ளவிளை.
போன் இல்லை. பெட்டி மட்டும்.
மூடியைத் திறந்தால் கருவாட்டு வாடை,
மடித்த பில்,
ஒரு பொதி தூண்டில் முள்.
இவ்வளவு நல்ல பெட்டியைச் சும்மா வைக்க
மனசு வரவில்லையாம்.

படிவத்தில் நிகழ்விடம் என்ற கட்டத்தைத் தொட்டேன்.
ஐந்து விடை கீழே தொங்கியது.
வீடு, அலுவலகம், சாலை, வாகனம், பொது இடம்.
"எங்க வச்சு அண்ணே?"
"மலை முங்கி ரெண்டு மணிக்கூர் ஓட்டம்."
திரையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப்
பொது இடம் என்று அழுத்தினேன்.
வள்ளமும் வாகனம்தானே என்று
வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் தோன்றியது.

ராத்திரி, ஓங்கல் கூட்டம்
வள்ளத்தை உரசிக்கொண்டு வந்திருக்கிறது.
மகள் ஆன்சில்டாவுக்குக் காட்ட
டார்ச்சைப் போட்டு வீடியோ பிடித்திருக்கிறார்.
ஒரு அலை. பெரிய அலைகூட இல்லை.
"டார்ச்சு எரிஞ்சிட்டே போச்சு பிள்ளே.
நாலஞ்சு பாகம் வரைக்கும் பாத்துட்டு நின்னேன்.
வீடியோவும் ஓடிட்டேதான் போயிருக்கும்."

விதி எனக்கு மனப்பாடம்.
நனைந்தது என்றால் நனைந்த போன் வேண்டும்.
கொண்டுவர முடியாதென்றால் அது சேதமில்லை, தொலைப்பு.
தொலைப்புக்கு வேறு திட்டம்,
அதற்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும்,
அதை நான் அன்றைக்கு அவருக்கு விற்கவில்லை.

"தொலையல்லியே" என்றார்.
சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டு,
லாட்டரிச் சீட்டைப்போல எட்டாக மடித்தது.
ஏழு டிகிரி நாற்பத்தொன்று,
எழுபத்தேழு டிகிரி பன்னிரண்டு.
"எனக்க போன் எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும்.
ஒனக்க கம்பெனிக்காரன் வரட்டு, கொண்டு காட்டுதேன்.
முப்பத்தஞ்சு பாகம். பாருக்குத் தெக்க.
கண்ணாடி ஒடஞ்சிருக்காது கேட்டியா.
கீழ சேறு."

பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது.
பொருள் ஒப்படைக்கப்படாத நிலையில்,
வருந்துகிறோம்.
யார் வருந்தியது என்று பெயர் இல்லை.
தவணைக்கு மட்டும் நீச்சல் தெரியும்,
அஞ்சாம் தேதி அஞ்சாம் தேதி
தலையைத் தூக்கும், இன்னும் ஒன்பது முறை.

அவர் சத்தம் போடவில்லை.
பட்டன் போன் ஒன்று எடுத்தார், ஆயிரத்து முந்நூற்றைம்பது.
நோட்டு ஈரமாக இருந்தது.
"இதுக்கும் இன்சூரன்ஸ் உண்டா?"
கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.
முள் பொதியை மடியில் வைத்துக்கொண்டு
பெட்டியை மேசையில் விட்டுப் போனார்.
தேர்மாகோல் ஓரத்தில் ஒரு முள்
கொளுத்திக்கொண்டு கிடந்தது.
எடுக்கப் போய் என் விரலில் ஏறியது.

கடையடைக்கும்போது பதிவேட்டை எடுத்து
பொது இடம் என்பதைப் பேனாவால் அடித்தேன்.
சீட்டைப் பார்த்து
டிகிரியும் நிமிடமுமாக எழுதினேன்.
அந்தப் பத்திக்கு அவ்வளவு அகலம் இல்லை,
எண்கள் தொகைப் பத்திக்குள் போய்விட்டன.
வினிஸ்டன் சார் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது தண்ணி என்று சொல்வதற்கு முன்
எந்த ஊர் என்று கேட்டுவிடுகிறேன்.
குலசேகரம் என்றால், தக்கலை என்றால்
ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன்.
தூத்தூர், முட்டம், இரயுமன்துறை என்றால்
பாலத்தில் போகிற பஸ்
போய்த் தீரட்டும் என்று
காத்து நிற்கிறேன்.